பால்கனியில் துணி உலர்த்துவது குறித்து

நாற்பத்தேழாம் எண் வீட்டுக்கு
இன்று ஒரு கடிதம் எழுத வேண்டும்.
குத்தகைப் பத்திரம், பிரிவு பதினொன்று:
பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது.
ஏரிப் பக்கமிருந்து பார்ப்பவர்களுக்குக்
கட்டடம் ஒழுங்காகத் தெரிய வேண்டுமாம்.

ஏரி என்கிறார்கள்.
நான் பிறந்தபோது அது கடல்.
நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும்,
நாலு மாடி உயரம் ஏறி
அதே அளவு இறங்கும்.
இறங்கிய பின் கண்ணுக்கெட்டிய வரை சேறு,
சேற்றில் கிளறித் தின்னும் பவளக்காலிகள்.
தடுப்பணை கட்டியதும்
ஓதத்தை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.
பவளக்காலிகளுக்கு யாரும் கடிதம் போடவில்லை.
இரண்டு குளிர்காலம் வந்து
தண்ணீருக்கு மேல் வட்டமிட்டுப் பார்த்தன.
பிறகு வரவில்லை.

என் தாத்தா பள்ளத்தாக்கில் கரியைத் தோண்டினார்.
பெர்பராவிலிருந்து வந்த அப்பா
கப்பலின் வயிற்றில் அதே கரியை நெருப்புக்கு அள்ளிப்போட்டார்.
நடுவில் அம்மா துவைத்தாள்.

திங்கட்கிழமை துணி நாள்.
துறையில் வேகன் கவிழ்ந்து
கரி சரியும் ஓசை கேட்டதும்
தெருவே கதவைத் திறக்கும்.
மிஸஸ் ஸாலிஹ் அரபியில் திட்டிக்கொண்டே ஓடுவாள்,
மால்ட்டாக்காரி ஃபாருஜியா
வாயில் கிளிப்புகளோடு திட்ட முடியாமல் ஓடுவாள்,
அம்மா படுக்கைவிரிப்பைச் சுருட்டி
என் தலைமேல் போடுவாள்.
தெற்குக் காற்றென்றால் ஓடியும் பயனில்லை.
விரிப்பின் ஓரத்தில் விரலை ஓட்டி
விரலைப் பார்ப்பாள்.
மறுபடி தண்ணீர் சுட வைப்பாள்.

பிறகொரு திங்கட்கிழமை
வேகன் கவிழவில்லை.
மாலை வரை விரிப்பு கொடியில் கிடந்தது.
அம்மா விரலை ஓட்டினாள், பார்த்தாள்,
ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்தாள்.
கப்பல் கிடைக்காத அப்பா
சமையலறையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.
அந்த ஆண்டுதான்
எங்கள் தெருவில் துணிகள் வெள்ளையாகக் காய்ந்தன.

அப்புறம் தெருவையே இடித்தார்கள்.
கிரேன்களை எடைக்குப் போட்டார்கள்.
வற்றிய கப்பல்தொட்டியில் ஊதாப் பூச்செடி முளைத்தது,
யாரும் நடாதது, நல்ல வாசனை.
இருபது வருடம் அதுதான் துறைமுகம்.

ஒருநாள் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள்
புது ஊரை வைத்தார்கள்.
விரல் உயர மரங்கள், நக அளவு மனிதர்கள்.
குனிந்து தேடினேன்:
ஒருவர் கையிலும் மூட்டையில்லை,
ஒரு கொடியும் கட்டப்படவில்லை.

பொய் சொல்ல மாட்டேன். நல்ல வேலை இது.
சூடான அறை, நாற்காலி, ஓய்வூதியம்.
சட்டையில் 'நெஸ்டா வார்சாமே' என்ற பட்டை.
எதிரே காப்பிக் கடை. அதன் பெயர் 'கரி'.
உள்ளே கோப்பை முதல் கூரை வரை வெள்ளை.
அங்கேதான் மதியம் ரொட்டி வாங்குகிறேன்.
நன்றாகத்தான் இருக்கிறது.

கடிதத்தோடு மேலே போனேன்.
கதவைத் திறந்த பையன் பெயர் ஓசியன்,
தோளில் குழந்தை, தோளெல்லாம் கக்கிய பால்.
நான் வாய் திறக்குமுன் மன்னிப்புக் கேட்டான்:
உலர்த்தும் இயந்திரம் பழுது,
ஆள் வியாழக்கிழமைதான் வருவானாம்.
அம்மாவின் பள்ளத்தாக்கு உச்சரிப்பு,
ஒவ்வொரு சொல்லின் வாலும் மேலே தூக்கியபடி.

கம்பியில் விரிப்பு அடித்துக்கொண்டிருந்தது.
கேட்காமலே பால்கனிக்குப் போய்
ஓரத்தில் விரலை ஓட்டினேன்.
விரலைப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
கீழே ஏறாத, இறங்காத தண்ணீர்.
பிரிவு பதினொன்றை எழுதியவரை
அம்மா மன்னித்திருக்க மாட்டாள்,
இவ்வளவு சுத்தமான காற்றை வீணடிப்பதற்காக.

"தெற்குக் காற்று," என்றேன்,
"மதியத்துக்குள் காய்ந்துவிடும்."
பையன் விழித்தான்.

கீழே வந்து
கடிதத்தில் தேதியை மட்டும்
அடுத்த வெள்ளிக்கு மாற்றினேன்.